விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

அப்பாவின் வீட்டில் சமையலறைக்கும் நடு அறைக்கும் இடையிலுள்ள சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. கூரைக்கு அடியில் தொடங்கிச் சாய்வாக இறங்கி, தண்ணீர்க் குடம் வைக்கும் மேடை வரைக்கும் வரும். அதன் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு, இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் என்னவென்று கேட்பார்கள். மலையை வெட்டி வீடு கட்டிய எங்களுக்கு இது புதிதல்ல. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். உடைந்தால் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வீடு குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே தேயிலைச் சரிவில் இருக்கிறது. அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும், தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த இடத்தை வாங்கினார். பின்பக்கம் மலையை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்தி, அதன்மேல் கட்டினார். அதாவது பாதி வீடு மலையின் மேல் நிற்கிறது, மீதிப் பாதி கொட்டிய மண்ணின் மேல். கொட்டிய மண் மழைக்கு மழை கொஞ்சம் இறங்கும். அது இறங்கினால் வீட்டின் முன்பாதியும் கூடவே இறங்கப் பார்க்கும். அம்மா அந்த வீட்டில் இருந்தது கொஞ்ச காலம்தான். அம்மா போன அடுத்த மழையில்தான் விரிசல் விட்டது.

அன்றிலிருந்து எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. குன்னூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி நான் கேட்பேன், அவர் மாட்டேன் என்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் ஆற அமர யோசித்து, உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுப்பவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு. கல்யாணத்துக்கே சாதக பாதகம் பார்த்துத்தான் தலையாட்டினேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவள் அப்பாவிடம் மட்டும் பேச ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்தில் குரலை உயர்த்திவிடுவேன். அவர் உடனே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்.

இந்தச் சண்டைக்குள் கண்ணாடியைக் கொண்டுவந்தவர் எங்கள் பக்கத்து மேஸ்திரி ஒருவர். கூரை ஓடு மாற்ற வந்தவர், நாங்கள் கத்திக்கொண்டதைக் கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏனுங்க டீச்சர், இதுக்குப் போயி வருசம் பூரா மல்லுக்கு நிக்கறீங்களே. ஒரு கண்ணாடிய ஒட்டிப்போடலாமுங்க. செவுரு நகந்தா ஒடைஞ்சிரும். ஒடைஞ்சா அன்னிக்கே ஊட்டப் பூட்டிட்டுக் கிளம்பிரோணும். ஒடையலைன்னா நீங்களும் தூங்கலாம், அய்யனும் தூங்கலாம்" என்றார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. என் பயமும் வேண்டாம், அவர் பிடிவாதமும் வேண்டாம், கண்ணாடி சொல்லட்டும். அப்பாவுக்கும் பிடித்திருந்தது. இயந்திரங்களோடு காலம் தள்ளியவர் இல்லையா, அளந்து பார்க்கிற எதன் மேலும் அவருக்கு மரியாதை உண்டு.

"ஒடைஞ்சா நானே பையத் தூக்கிட்டு வந்துர்றேன். ஒடையாத வரைக்கும் நீ இந்தப் பேச்சே எடுக்கப்படாது" என்றார்.

"சரிப்பா."

"சத்தியமா?"

"சத்தியமாப்பா."

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒப்பந்தம் எங்களுக்குள் அமைதியைக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் போனில் நாங்கள் பேசிக்கொண்டது அப்பா மகள் பேசுகிற மாதிரி இருந்தது. முதலில் நான் "கண்ணாடி?" என்பேன். "இருக்கு" என்பார். பிறகு சாப்பாடு, பேத்தியின் படிப்பு, பஸ் வராதது, பக்கத்துத் தோட்டத்தில் காட்டெருமை வந்து நின்றது என்று பேச்சு போகும். ஆடி மழையில் "கண்ணாடி?" என்று கேட்டேன், "இருக்கு" என்றார். புரட்டாசியிலும் அதே கேள்வி, அதே பதில். ஸ்டாஃப் ரூமில் இதை நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்களோடு வாக்குவாதம் செய்யாமல் ஒரு விதியை ஏற்படுத்திக்கொண்டால் போதும் என்று மற்ற டீச்சர்களுக்கு உபதேசம் வேறு செய்தேன்.

ஐப்பசி மழை எங்கள் பக்கம்தான் மூர்க்கமாக இறங்கும். அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் பிடித்தது, விடவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தது, மண் சரிந்தது. கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டார். வீட்டுக்குள் துணி காயாமல் நாற்றமடித்தது. நான் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போன் செய்து "கண்ணாடி?" என்று கேட்டேன். "இருக்கு" என்றார். எந்த மழைக்கும் மாறாத அதே குரல். பஞ்சாயத்திலிருந்து ஆட்கள் வந்து சரிவில் இருப்பவர்களைச் சமுதாயக் கூடத்துக்குப் போகச் சொன்னார்களாம். அப்பா அவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடியைக் காட்டி, டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

ஆனால் மறுநாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடி உடையவில்லை, விதிப்படி நான் கவலைப்படக் கூடாது. பயத்துக்கு விதி தெரியவா போகிறது. மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்துக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அருவங்காடு தாண்டியதும் பஸ்ஸில் நானும் இன்னும் இரண்டு பேரும்தான்.

அப்பா குல்லாவும் மப்ளருமாகக் கதவைத் திறந்தார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனேன். கண்ணாடி முழுசாக இருந்தது. குனிந்து பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன்.

"பாத்தாச்சா? போ, காம்பராவுல உக்காரு. டீ போடுறேன்" என்றார். அறையை அவர் காம்பரா என்றுதான் சொல்வார். சிலோனில் பழகிய பேச்சு, இத்தனை வருடத்தில் போகவில்லை.

நடு அறையில் உட்கார்ந்தேன். எதிரே அம்மாவின் போட்டோ. பிளாஸ்டிக் மல்லிகை மாலை, கீழே ஊதுபத்திச் சாம்பல், எல்லாம் எப்போதும் போல. ஆனால் அம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. எழுந்து கிட்டே போனேன். போட்டோவுக்குக் கண்ணாடி இல்லை. சட்டம் மட்டும் இருந்தது. அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடியின் மேல் வைக்கிற சந்தனத்தையும் குங்குமத்தையும் காகிதத்தின் மேலேயே வைத்திருக்கிறார். மழை ஈரத்தில் குங்குமம் இளகி, நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. கன்னத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"போட்டோ கண்ணாடி எங்கப்பா?"

சமையலறையில் டம்ளர் வைக்கிற சத்தம் நின்றது. "விழுந்து ஒடைஞ்சிருச்சு" என்றார்.

சட்ட ஓரத்தில் ஒரு சில்லுகூட மிச்சமில்லாமல் எப்படி விழுந்து உடையும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. ஃபிட்டருக்குக் கண்ணாடி அறுக்கிற கட்டர் எதற்கு என்று அம்மா எப்போதோ கேட்டது ஞாபகம் வந்தது. மறுபடி சமையலறைக்குப் போய் விரிசலைத் தொட்டுப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சிமெண்ட் வெளுத்துப்போய் இருந்தது, கண்ணாடியின் இரண்டு முனையில் மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. விரலில் ஒட்டியது. பின்கதவைத் திறந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பா. அதற்குள் ஒடிந்த கண்ணாடித் துண்டுகள், எல்லாம் விரல் அகலம். ஒன்றிரண்டு இல்லை. ஒவ்வொரு தடவை நான் போனில் "இருக்கு" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனபோதும், இவர் அம்மாவின் கண்ணாடியிலிருந்து இன்னொரு துண்டு அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தார் போல. ரேடியோவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எனக்குக் கத்த வரவில்லை.

"எப்பேர்ந்துப்பா?"

"அது ஒடையத்தான் செய்யும் புள்ள. மழைக்குச் செவுரு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சிமெண்டு காயுறப்பவே கண்ணாடிய இழுக்கும். அந்த மேஸ்திரிக்கு என்னா தெரியும்? விரிசல் அகலமாயிருக்கான்னு நான் தெனம் ஊசி விட்டுப் பாக்குறேன். அகலமாகல. அகலமாகாம கண்ணாடி ஒடைஞ்சா, கோளாறு கண்ணாடியிலதான்."

எல்லாம் நியாயமான பேச்சு. ஃபேக்டரியில் ரோலர் பழுதானால் மேனேஜருக்கு இப்படித்தான் விளக்கியிருப்பார். ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல், எனக்குப் புரிகிற மாதிரி. பின்பக்கம் தண்ணீர் போக வாய்க்கால் வெட்டியிருப்பதைச் சொன்னார். மேலே தேயிலை வேர் மண்ணைப் பிடித்திருப்பதைச் சொன்னார். நாங்கள் இருக்கும் வாடகை வீடும் ஒரு சரிவில்தான் இருக்கிறது என்றார். அதுவும் உண்மைதான். குன்னூரில் சரிவில்லாத இடம் ஏது? கணக்கு டீச்சரான நான், அந்தக் காரணங்களில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாமல் நின்று அழுதேன். நான் அழுது அப்பா பார்த்ததே இல்லை, அம்மா செத்த அன்றைக்குக்கூட. எனக்கே அவமானமாக இருந்தது.

"அழுதா எப்புடி? கணக்குச் சொல்லு" என்றார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

"எனக்கு கணக்கு வரலப்பா. எனக்கு பயமா இருக்கு."

அவர் ரேடியோவை விட்டு நகர்ந்து வந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சிலோன்ல லயத்துல இருந்தோம். கப்பல் ஏறுன்னாங்க, ஏறுனோம். மண்டபம் முகாமுல வச்சாங்க, இருந்தோம். இங்க கொண்டாந்து விட்டாங்க. பென்சன் ஆனதும் லயத்தக் காலி பண்ணுன்னாங்க, பண்ணுனேன். இது ஒண்ணுதான் யாரும் எறங்குன்னு சொல்ல முடியாதுன்னு கட்டுனது. இப்ப நீ சொல்ற."

அவர் பக்கம் நியாயமும் இருந்தது, வலியும் இருந்தது. என் பக்கம் ஈரமான சிமெண்டும் ஒரு டப்பா உடைந்த கண்ணாடியும் இருந்தன. வெளியே மறுபடி மழை பிடித்தது.

நான் செய்தது ஒன்றுதான். சமையலறைக்குப் போய், அந்தச் சுவரில் சாய்ந்து, விரிசலுக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. கால் அங்கேதான் போனது. "நீங்க இங்க இருந்தா நானும் இருக்கேன்" என்றேன்.

"எந்திரி. தரை ஜில்லுன்னு இருக்கு."

நான் எழவில்லை.

"புள்ள, அந்தச் செவுத்துல சாயாத. எந்திரின்னு சொல்றேன்ல." குரல் மாறியிருந்தது. ஊசி விட்டுப் பார்த்து, அகலமாகவில்லை என்று இவ்வளவு நேரம் சொன்ன மனிதர், என் தலைக்கு மேலே இருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். டீ ஆறிப்போனது. அப்புறம் உள்ளே போனார். கட்டிலடியில் பையை இழுக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு வேட்டி, சட்டை, மருந்து டப்பா, ரேடியோ. அம்மாவின் போட்டோவைத் துண்டில் சுற்றி, அதற்கு மேலே உரச் சாக்கைச் சுற்றினார். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் வெயில் அடித்தது. இந்த மலை இப்படித்தான், நம்மை முட்டாளாக்குவதற்கென்றே வெளுக்கும். அதற்கடுத்த நாளும் வெயில். மழை விட்டுவிட்டு வந்தது, வீடு விழவில்லை. கார்த்திகை முடிந்தது, விழவில்லை. அப்பா பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்வார். "உங்க ஊடு அப்படியே இருக்குதுங்க, ஒண்ணும் ஆகலைங்க" என்று அவர் கத்துவது எனக்கே கேட்கும். அப்பா என்னைப் பார்க்க மாட்டார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எங்களுக்கு இரண்டு அறைதான். மகள் பிளஸ் டூ, ஹாலில் உட்கார்ந்து படிக்கிறாள். அப்பா அவளுக்குத் தொந்தரவு என்று ரேடியோ போடுவதில்லை. யாரும் போடாதே என்று சொல்லவில்லை. விடியும் முன்பே எழுந்து, படுத்த சுவடு தெரியாமல் போர்வையை மடித்து மூலையில் வைத்துவிடுகிறார். இன்னொரு தோசை போடட்டுமா என்றால் போதும் என்கிறார். ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை. குறை சொன்னாலாவது சண்டை போடலாம். என் தங்கமான வீட்டுக்காரரிடம் கேட்டால், "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்கிறார். நான் என்ன சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்தால் அவரிடம் ஏன் கேட்கப்போகிறேன்?

மழை சத்தமாகப் பெய்கிற நாட்களில் எனக்கு ஒரு நினைப்பு வருகிறது. அந்த வீடு விழுந்துவிட்டால் நல்லது. ஆள் இல்லாத வீடுதானே, விழட்டும். விழுந்தால் நான் செய்தது சரி என்று ஆகும், அவரும் திரும்பிப் போக நினைக்கமாட்டார். இப்படி நினைத்த கையோடு, அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்த அம்மாவின் ஞாபகம் வரும். விழாவிட்டால்? விழாதவரைக்கும் அவரை இங்கே வைத்திருப்பது என் பயம் மட்டும்தான். திருப்பி அனுப்பினால், அனுப்பிய அன்றைக்கே மழை வந்தால்? இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விடை வராத கணக்கை அடித்துவிட்டு முதலிலிருந்து போடுவார்கள். எனக்கு அடிக்க மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை அம்மாவின் போட்டோவை எடுத்தேன். ஸ்டுடியோவில் கொடுத்துக் குங்குமக் கறையை முடிந்த மட்டும் எடுத்து, பூஞ்சையைத் துடைத்து வாங்கி வைத்திருந்தேன். புதுக் கண்ணாடி போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்புப் போடும்போது மெதுவாகச் சொன்னார்.

"கண்ணாடி கொஞ்சம் பெருசாவே வாங்கிக்க."

"எதுக்குப்பா? சட்டம் அளவுக்குத்தானே வேணும்?"

குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. படியிறங்கிப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பிரேம் போடுகிற கடை இருக்கிறது. கடைக்காரர் சட்டத்தை அளந்தார். ஒரு கண்ணாடியை எடுத்து மேஜையில் கிடத்தி, அளவுகோலை வைத்துக் கோடு இழுத்து, ஓரத்தில் லேசாகத் தட்டினார். சுத்தமாகப் பிரிந்து வந்தது. அம்மாவின் மேல் கண்ணாடியைப் பொருத்திப் பின்பக்கம் ஆணி அடித்தார். அம்மா பழையபடி ஆகிவிட்டாள், நெற்றியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். மேஜையில் வெட்டிய துண்டு ஒன்று கிடந்தது. சொல்லிவைத்தாற்போல் விரல் அகலம்.

"இந்தத் துண்டு வேணுங்களா, குப்பையில போட்டறட்டுங்களா?"

வெளியே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. தூறல் விழத் தொடங்கியதும் கடைக்குள் நாலு பேர் ஒதுங்கினார்கள். கடைக்காரர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். போட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பேப்பர்ல நல்லா சுத்திக் குடுங்க. வயசானவர் எடுப்பாரு, கையக் கிழிச்சிரக் கூடாது" என்றேன்.